ஜெர்மன் பெயர்ச்சொற்களின் 'பால்': எல்லைப்புற இருமொழியாளர்க்குக் கற்பிக்கும் முறை பற்றிய ஒரு திறனாய்வு

1. முன்னுரை

நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த கோட்டுகால், பாறசாலை முதலிய ஊர்கள் தமிழும் மலையாளமும் நெடுங்காலமாக அருகருகே வழங்கிவரும் எல்லைப்புறத்தைச் சேர்ந்தவை. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தென் வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எனினும் இருமொழிப் பழக்கம் எல்லைக்கோட்டின் இருபுறத்தும் தொடர்ந்தது. இவ்வட்டாரத்து இருமொழியாளர் மூன்றாவதாகவோ, ஆங்கிலத்தையும் சேர்த்தெண்ணின் நான்காவதாகவோ ஜெர்மன் மொழியைக் கற்கப் புகும்போது நேரும் இடர்ப்பாடு ஒன்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஜெர்மன் கல்வி இங்கு ஓய்வுநேர ஆர்வமாக இருந்த காலம் மாறிவிட்டது. 2021இல் கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் நிறுவனமும் ஜெர்மன் கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமையும் 'டிரிப்பிள் வின்' திட்டத்திற்கான உடன்படிக்கை செய்துகொண்ட பின்னர், செவிலியர் கல்வி பெற்றோர்க்கு இம்மொழி பிழைப்போடு நேரடித் தொடர்புடையதாயிற்று. ஏ1 முதல் பி2 வரையிலான படிநிலைத் தேர்வுகளில் தவறுவோர் பணி வாய்ப்பையே இழக்க நேரிடுகிறது. இத்தேர்வுகளுக்கு ஆயத்தம் செய்வோர் தொடக்க நாளிலேயே எதிர்கொள்ளும் தடை பெயர்ச்சொற்களின் 'பால்'. அதனைச் சுமந்துவரும் டேர், டீ, டஸ் என்னும் முன்னொட்டுச் சொற்கள். ஆங்கில இலக்கணத்தில் ஆர்ட்டிகிள் எனப்படும் இச்சொற்கள் இங்குச் 'சுட்டடை' எனக் குறிக்கப்பெறும்.

2. வழங்கிவரும் மூன்று விளக்கங்கள்

வகுப்பறைகளிலும் கையேடுகளிலும் இப்பொருள் பற்றி மூவகை விளக்கங்கள் பெருவழக்காக உள்ளன. முதலாவது, ஜெர்மன் பால் பாகுபாட்டிற்கு விதியே இல்லை. மனப்பாடமே வழி என்பது. இரண்டாவது, ஜெர்மானியர் ஞாயிற்றைப் பெண்ணாகவும் திங்களை ஆணாகவும் கருதுகின்றனர் என்பது போன்ற உருவக விளக்கம். மூன்றாவது, டேர் என்பது ஆண்பால், டீ என்பது பெண்பால், டஸ் என்பது அலிப்பால் அல்லது ஒன்றன்பால் என்னும் நேர்மாற்று விளக்கம். சில பாடநூல்கள் நீலம், சிவப்பு, பச்சை என நிறமிட்டுக் காட்டுவதும் இம்மூன்றாம் விளக்கத்தின் கிளையே.

முதல் விளக்கத்திற்கு இலக்கியப் புகழ் தேடித்தந்தவர் மார்க் டுவெய்ன். 1880இல் வெளிவந்த தம் பயணநூலின் பின்னிணைப்பில், இளம்பெண்ணைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லுக்குப் பெண்பால் இல்லை, கிழங்கின் பெயருக்கு உண்டு என்று அவர் எள்ளி நகையாடினார். நகைச்சுவையாக அது நிலைத்து நிற்கும். அதனையே இலக்கண உண்மையாகக் கொண்டு பாடம் தொடங்குவது, கற்போர் விதிகளைத் தேடும் முயற்சியையே முளையிற் கிள்ளுவதாகும்.

உருவக விளக்கத்திற்கு உளவியற் சான்று உண்டெனச் சிலர் கருதுவர். லெரா பொரொடிட்ஸ்கியும் பிறரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், சாவியைக் குறிக்கும் சொல் ஜெர்மனில் ஆண்பாலாகவும் ஸ்பானியத்தில் பெண்பாலாகவும் இருப்பதற்கேற்ப அவ்வம்மொழியார் சாவியை வருணிக்கும் அடைமொழிகளும் மாறுபடுவதாகக் கூறப்பட்டது. இம்முடிவைத் திரும்பப் பெற முயன்ற ஆய்வு ஒன்று 2014இல் அதனைப் பெற இயலவில்லை என அறிவித்தது. எனவே இச்சான்றின்மீது பாடமுறையைக் கட்டுதல் பொருந்தாது. மேசைக்கரண்டி (டேர் லோஃபெல்) ஆணென்றும், முட்கரண்டி (டீ காபெல்) பெண்ணென்றும், கத்தி (டஸ் மெஸ்ஸர்) இரண்டுமல்லாததென்றும் கதை புனைந்து கற்பிப்பின், ஒரு சொல்லுக்கு ஒரு கதையாக ஆயிரம் கதைகள் வேண்டியதாகும். அதனினும் சொல்லையே நினைவிற் கொள்ளுதல் எளிது.

3. 'பால்' என்னும் கலைச்சொல்

மூன்றாம் விளக்கமே மிகுதியும் ஆராயத்தக்கது. ஏனெனில் அது கலைச்சொல் ஆட்சியோடு தொடர்புடையது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே திணையையும் பாலையும் வகுக்கிறது. அங்குப் பாகுபாட்டிற்கு அடிப்படை பொருள்: மக்களாகக் கருதப்படுவன உயர்திணை, ஏனைய அஃறிணை, உயர்திணையுள் ஆண், பெண், பலர், அஃறிணையுள் ஒன்று, பல. சொல்லின் வடிவம் எதுவாயினும் அது குறிக்கும் பொருளை அறிந்தவர் அதன் பாலையும் அறிந்தவராவார். கிரெவில் கார்பெட் 1991இல் வெளியிட்ட 'ஜெண்டர்' என்னும் நூலில், பொருளை மட்டுமே அடிப்படையாகக் கொண்ட கண்டிப்பான பாகுபாட்டிற்குத் தமிழை எடுத்துக்காட்டாகத் தந்திருப்பது இதனை உறுதிப்படுத்தும். மலையாளத்துப் புல்லிங்கம், ஸ்த்ரீலிங்கம், நபும்ஸகலிங்கம் என்னும் பெயர்கள் வடமொழியினவாயினும், அவை சுட்டும் பாகுபாடு பொருள்வழிப்பட்டதே.

ஜெர்மன் மொழியிலோ பாகுபாடு பெரும்பாலும் பெயர்ச்சொல்லைச் சார்ந்தது. ஒரே பொருளைக் குறிக்கும் இரு சொற்கள் வெவ்வேறு வகையின ஆகலாம். ஒரே வடிவம் வகை மாறுவதனால் பொருளும் மாறலாம்: டேர் லைட்டர் என்பது தலைவர், டீ லைட்டர் என்பது ஏணி, டேர் கீஃபர் என்பது தாடையெலும்பு, டீ கீஃபர் என்பது ஒருவகை ஊசியிலை மரம். இதனைப் 'பால்' என்று பெயர்த்த அளவில், கற்போர் தம்மை அறியாமலே பொருளிடத்து விடை தேடத் தொடங்குகின்றனர். அங்கு விடை பெரும்பாலும் இல்லை. ஐரோப்பிய இலக்கணங்கள் ஆளும் கேனஸ் என்னும் இலத்தீன் சொல்லுக்கு அடிப்படைப் பொருள் இனம், வகை என்பதே. ஆகவே 'பெயர் வகுப்பு' என்னும் தொடர், 'பால்' என்பதினும் மூலப்பொருளுக்கு அணுக்கமானது.

வடமொழியோடு கொண்ட தொடர்பும் இவ்வேறுபாட்டை விளக்கவல்லது. மனைவியைக் குறிக்கும் தார, களத்ர, பார்யா என்னும் மூன்று சொற்களும் வடமொழியில் முறையே ஆண், நபும்ஸக, பெண் லிங்கங்களைச் சார்ந்தன. தமிழ் இவற்றைத் தாரம், களத்திரம், பாரியை என ஏற்றபோது சொற்களை மட்டும் ஏற்று அவற்றின் லிங்கத்தை விட்டுவிட்டது. சொல்லைச் சார்ந்த பாகுபாடு ஒன்று தமிழின் வாயிலில் வந்து நின்றும் உட்புகவில்லை. இவ்வரலாற்றை அறிந்த ஆசிரியர், மாணவர் இடர்ப்படுவதற்குச் சோம்பலைக் காரணமாகக் கூறமாட்டார்.

இனி, டுவெய்ன் வியந்த மேட்ஷென் என்னும் சொல் தமிழ் கற்றோர்க்கு வியப்பளிக்க வேண்டுவதில்லை. 'குழந்தை சிரித்தது' என்பது தமிழ் வழக்கு. ஞாயிறு, திங்கள், தெய்வம், உயிர் முதலான சில சொற்கள் உயர்திணைப் பொருண்மை உடையனவாயினும் அஃறிணை முடிபு கொள்ளுதலைத் தொல்காப்பியமே தொகுத்துரைக்கிறது. பசுவை அம்மை என விளித்து அதற்கேற்பப் பெண்பால் வினை கொடுத்தலை உவப்பினால் வந்த திணை வழுவமைதி என்பர் உரையாசிரியர். சொல்லின் முடிபும் பொருளின் இயல்பும் மாறுபடும் இடங்களை வகைப்படுத்தும் பழக்கம் தமிழ் மரபில் உண்டு. பாடநூல்கள் அதனைப் பயன்கொள்ளவில்லை. மேட்ஷென் என்பதற்குப் பின்வரும் சுட்டுப்பெயர் தொலைவு மிகுமளவில் 'எஸ்' என்பதினின்று 'ஸீ' என மாற இடமுண்டு என்பதும், 'குழந்தை அழுதது' என்று தொடங்கிய பேச்சு பின்னர் 'அவள்' என மாறுவதும் ஒருபுடை ஒப்புமை உடையன.

4. சுட்டடை அடையாளச் சீட்டன்று

டேர் என்றால் ஆண்பால் என்று கற்ற மாணவர் இரண்டாம் வாரத்திலேயே இடறுகின்றனர். கையால் என்னும் பொருளில் 'மிட் டேர் ஹன்ட்' என வருகிறது. ஹன்ட் என்பது டீ வகுப்புச் சொல். மிட் என்னும் முன்னிடைச்சொல் கொள்ளும் வேற்றுமையில் அவ்வகுப்பின் சுட்டடை டேர் ஆகிறது. மாணவரோ கை ஆண்பாலாயிற்று எனக் கருதுகின்றார். இது மாணவரின் பிழையன்று. கற்பித்த வாய்பாட்டின் குறை.

நான்கு வேற்றுமை, ஒருமையில் மூன்று வகுப்பு, பன்மை ஒன்று எனச் சுட்டடைக்கு 16 இடங்கள் உள்ளன. அவற்றை நிரப்புவன டேர், டீ, டஸ், டேன், டேம், டெஸ் என்னும் ஆறு வடிவங்களே. டேர் மட்டும் நான்கு இடங்களில் வருகிறது: ஆண்வகுப்பு எழுவாய், பெண்வகுப்பின் இரு வேற்றுமைகள், பன்மையின் உடைமை வேற்றுமை. ஆகவே ஒரு வடிவம் ஒரு பாலைக் காட்டும் என்பது உண்மைக்கு மாறானது. வகுப்பு, எண், வேற்றுமை, வரையறை ஆகிய நான்கும் ஒரே அசையில் திரண்டு நிற்கின்றன.

தமிழில் இந்நான்கும் வேறு வேறு இடங்களில் உள்ளன. பால் வினைமுற்றிலும் சுட்டுப்பெயரிலும், எண் பெயரீற்றிலும், வேற்றுமை உருபிலும் தெரிகின்றன. வரையறைக்குத் தனிச்சொல் இல்லை எனினும் 'புத்தகம் வாங்கினான்', 'புத்தகத்தை வாங்கினான்' என்பவற்றின் வேறுபாட்டில் இரண்டாம் வேற்றுமை உருபே அப்பணியின் ஒரு கூற்றை ஆற்றுகிறது. வேற்றுமையும் வரையறையும் ஓர் உருபில் கூடிநிற்றல் தமிழருக்குப் புதிதன்று என்பதை இதன்வழி உணர்த்தலாம். பன்மையில் டேர், டீ, டஸ் வேறுபாடு மறைவதும், தமிழில் பலர்பாலில் ஆண் பெண் வேறுபாடு மறைவதும் அருகருகே வைத்துக் காட்டத்தக்கவை.

சுட்டடையின் நிறத்தை மட்டும் காட்டும் வண்ண முறை இக்காரணத்தாலேயே முழுப்பயன் தருவதில்லை. நிறம் சொற்பட்டியலுக்கு உதவும். சொல் தொடருக்குள் புகுந்து டேம் என்றும் டேன் என்றும் திரியும்போது உதவாது. பெயரை எழுவாய் வடிவிலும் ஒரு முன்னிடைச்சொல்லுடனும் சேர்த்து இரட்டையாக மனங்கொள்ளச் செய்தல் இதனினும் சிறந்தது: டீ ஹன்ட், மிட் டேர் ஹன்ட், டேர் ஃபூஸ், மிட் டேம் ஃபூஸ்.

5. விதிகள் இல்லை என்பது உண்மையா?

கிளவுஸ்-மிஷாயேல் கோப்கே, டேவிட் ஜூபின் ஆகியோர் 1980களில் வெளியிட்ட ஆய்வுகள், ஜெர்மன் பெயர் வகுப்பு ஒலி, சொல்லாக்கம், பொருட்புலம் ஆகிய மூன்று நிலைகளிலும் ஒழுங்குடையது எனக் காட்டின. ஓரசைச் சொற்களிலும் முதலொலி, ஈற்றொலி ஆகியவற்றுக்கேற்பச் சாய்வுகள் காணப்படுகின்றன. ஆன் மில்ஸ் 1986இல் வெளியிட்ட குழந்தைமொழி ஆய்வும், ஜெர்மன் குழந்தைகள் இத்தகைய ஒழுங்குகளைச் சிறு வயதிலேயே பற்றிக்கொள்கின்றனர் என்பதைத் தெளிவாக்கியது.

செவிலியர்க்கு வேண்டிய சொற்களையே எடுத்துக்கொண்டு இதனைச் சோதிக்கலாம். உங், ஹைட், கைட், ஷாஃப்ட் என முடியும் ஆக்கப்பெயர்கள் டீ வகுப்பின: சிகிச்சை (பெஹான்ட்லுங்), நோய் (க்ரான்க்ஹைட்). ஷென், லைன் என்னும் சிறுமைப்பொருள் விகுதிகள் டஸ் வகுப்பைத் தருவன. மேட்ஷென் டஸ் வகுப்பாதற்கு இவ்விகுதியே காரணம், பெண்மை பற்றிய கருத்து எதுவுமன்று. மென்ட் என்னும் ஈற்றயற்சொற்கள் பெரும்பாலும் டஸ் வகுப்பு: மருந்து (மெடிகமென்ட்). குற்றெகர ஈற்றனவற்றுள் பெரும்பகுதி டீ வகுப்பு: மாத்திரை (டப்லெட்டெ), ஊசி (ஷ்ப்ரிட்ஸெ), புண் (வுண்டெ), நுரையீரல் (லுங்கெ), சிறுநீரகம் (நீரெ), மூக்கு (நாஸெ), நாக்கு (ட்ஸுங்கெ). கண்ணைக் குறிக்கும் அவுகெ என்பது இதற்குப் புறனடை. அது டஸ் வகுப்பு.

தொகைச்சொற்களில் விதி ஐயத்திற்கு இடமின்றி அமைந்துள்ளது. இறுதிச்சொல்லே வகுப்பை உறுதிசெய்யும். இரத்தம் (ப்ளூட்) டஸ், அழுத்தம் (ட்ருக்) டேர், அளத்தல் (மெஸ்ஸுங்) டீ. மூன்றும் சேர்ந்த இரத்த அழுத்தம் அளத்தல் என்னும் நெடுந்தொகை டீ வகுப்பாகிறது. தமிழிலும் தென்னைமரம் மரத்தைப் போலவே 'தென்னைமரத்தை' எனத் திரிகிறது. இறுதிச்சொல்லே தொகையின் தலைமை. கற்போரின் தாய்மொழி அறிவு இங்கு முழுத்துணையாகிறது. எனினும் கை, கால், இதயம் (ஹெர்ட்ஸ்), வயிறு போன்ற அடிப்படைச் சொற்களுள் பல விதிக்கு அடங்காதவை. நாள்தோறும் வழங்கும் இச்சொற்களை மனங்கொள்வது தவிர, வேறு வழியில்லை. விதிக்கு அடங்குவன இவை, அடங்காதன இவை எனப் பிரித்துக் காட்டாமல் அனைத்தையும் மனப்பாடத்தில் தள்ளுவதே குறை.

6. தமிழில் உள்ள உண்மையான ஒப்புமை

ஜெர்மன் பெயர் வகுப்பிற்குத் தமிழில் ஒப்பாவது பாலன்று, வினை வகுப்பாகும். 'கொல்' என்பது 'கொன்றான்' எனவும் 'சொல்' என்பது 'சொன்னான்' எனவும் இறந்தகாலம் கொள்கின்றன. வடிவொத்த இரு பகுதிகள் ஏன் வேறுபடுகின்றன என்பதற்குப் பொருளிடத்தும் விடையில்லை, ஒலியிடத்தும் முழுவிடை இல்லை. 'அடை' என்பது அடைந்தான், அடைத்தான் என வகுப்பு மாறுமிடத்துப் பொருளும் மாறுகிறது. ஏணியும் தலைவரும் ஒரு வடிவில் வேறுபடுவது போன்றதே இது. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன் வினைச்சொற்களுக்கு வகுப்பெண் இட்டுச் செல்கிறது. ஜெர்மன் அகராதி பெயர்க்கு வகுப்புக் குறியிடுவதும் அதே தேவையால்தான்.

இத்தொல்லையை எதிர்த்திசையில் உணர்ந்தவர்கள் ஜெர்மானியரே. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு 1716இல் ஹாலே நகரில் தம் தமிழிலக்கணத்தை இலத்தீன் மொழியில் அச்சிட்டார். இலத்தீன் வாய்பாட்டில் தமிழை அடக்கும் முயற்சி அதில் தெரிகிறது. தென் திருவிதாங்கூரில் 1806 முதல் 1816 வரை மயிலாடியை நடுவாகக் கொண்டு பணியாற்றிய ரிங்கல்டௌபேயும் ஜெர்மானியர். தரங்கம்பாடியில் தமிழ் கற்ற பின்னரே அவர் இப்பகுதிக்கு வந்தார். கார்ல் கிராவுல் 1855இல் வெளியிட்ட தமிழிலக்கணத்தில் வினைகளை வகுப்புகளாகப் பகுத்தமைத்தார். தாய்மொழியாளர்க்குத் தேவைப்படாத அப்பகுப்பு அயன்மொழியாளர்க்கு இன்றியமையாததாயிற்று. இன்று ஜெர்மன் கற்கும் தமிழர் அன்று கிராவுல் நின்ற இடத்தில் நிற்கின்றனர். 'நீங்கள் வினையில் வைத்திருப்பதை அவர்கள் பெயரில் வைத்திருக்கின்றனர்' என்னும் ஒரு வாக்கியம் பல கதைகளினும் பயன் தரும்.

7. மலையாளமும் செவிப்புலனும்

எல்லைப்புற மாணவரிடம் இன்னொரு செல்வமும் உண்டு. மலையாளத்தில் அவன், அவள், அது என்னும் மூன்றுக்கும் 'வந்நு' என ஒரே வினைமுற்று வருகிறது. ஏ. ஆர். ராஜராஜ வர்மா தம் கேரள பாணினீயத்தில் தமிழினின்று மலையாளம் வேறுபடும் நெறிகளுள் ஒன்றாக இதனைப் புருஷபேத நிராஸம் எனக் குறித்தார். பாகுபாடு சுட்டுப்பெயரில் நிலைத்திருக்க வினையில் மறையலாம் என்பதை இம்மாணவர் இயல்பாக அறிவர். ஜெர்மன் வினையும் பாலைக் காட்டாது. 'வந்தான், வந்தாள்' என்னும் பழக்கத்தால் வினையில் பாலைத் தேடுவோர் மலையாள வழக்கை நினைவுகூர்ந்தால் அத்தேட்டம் அடங்கும். பாகுபாடு வினையைவிட்டுப் பெயர்த்தொடருக்குள் சென்று அடையிலும் சுட்டடையிலும் தங்கியிருப்பது மட்டுமே புதிதாகக் கற்க வேண்டியது.

ஒலிநிலையிலும் ஒரு பயன் உண்டு. டேம், டேன் என்பவற்றின் வேறுபாடு ஈற்று மூக்கொலி ஒன்றே. தமிழ்ப் பேச்சு வழக்கில் 'மரம்', 'அவன்' போன்றவற்றின் ஈற்று மூக்கொலி தேய்ந்து மூக்குயிராக ஒலிக்கும். எனவே இவ்வேறுபாடு செவியில் தப்புகிறது. மலையாளத்தில் ஈற்று மகரமும் னகரமும் தேயாமல் ஒலிக்கும். இரு மொழியும் அறிந்தவர் மலையாளச் செவியோடு கேட்பின் டேமும் டேனும் பிரிந்து நிற்கும். இரு மொழியறிவைக் கலப்புக்குக் காரணமான குறையாகக் கருதும் வகுப்பறைகள் இதனை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

8. மொழிபெயர்ப்பாளர்க்கு

பெயர் வகுப்பு வெறும் ஒப்பனை என்னும் கருத்தும் மறுக்கத்தக்கது. 'கட்டுத்துணியைப் புண்ணின்மேல் வைத்தேன். அது ஈரமாயிருந்தது' என்னும் தமிழ்த் தொடரில் ஈரமாயிருந்தது எது என்பது ஐயம். ஜெர்மனில் கட்டுத்துணி (ஃபெர்பான்ட்) டேர், புண் டீ ஆதலால் முன்னதற்கு 'ஏர்', பின்னதற்கு 'ஸீ' என வந்து ஐயம் தீர்கிறது. மருத்துவமனைக் குறிப்பில் இது சிறு செய்தியன்று. கட்டு நனைந்தால் கட்டை மாற்றுவர். புண் நனைந்திருந்தால் புண்ணையே ஆராய்வர். சுட்டடையைப் பொருட்படுத்தாமல் தமிழாக்குவோர் இவ்வேறுபாட்டை இழப்பர். தமிழில் பெயரைத் திரும்பக் கூறியோ, 'முன்னது', 'பின்னது' எனப் பிரித்தோ அதனைக் காத்தல் வேண்டும்.

இலக்கிய மொழிபெயர்ப்பில் தவறு எதிர்த்திசையில் நேர்கிறது. ஹெர்மன் ஹெஸ்ஸெயின் 'சித்தார்த்தா' 1922இல் வெளிவந்தது. மலையாள இலக்கணமும் அகராதியும் இயற்றிய குண்டர்ட் ஹெஸ்ஸெயின் தாய்வழிப் பாட்டனார். அந்நாவலில் ஆறு ஆசானாகிறது. ஆற்றைக் குறிக்கும் ஃப்ளுஸ் என்னும் சொல் டேர் வகுப்பினதாகையால் சுட்டுப்பெயர் 'ஏர்' என வருகிறது. 'ஏர்' வந்த இடமெல்லாம் 'அவன்' எனப் பெயர்ப்பின், மூலத்தில் இலக்கணமாக மட்டும் நின்றது தமிழில் உருவகமாகிவிடும். ஆறு பேசுவதும் நகைப்பதும் ஆகிய இடங்களில் உருவகத்தைத் தாங்குவன வினைகளே. அங்கும் 'ஆறு நகைத்தது' என்பது போதும். தமிழ் அஃறிணைக்கும் நகைப்பை ஏற்கவல்லது.

உருவகம் உண்மையாகவே பாலைச் சார்ந்துவருமிடத்துத் தமிழின் இரட்டைச் சொல்வளம் கைகொடுக்கும். ஞாயிற்றைத் தாயாகப் பாடும் ஜெர்மன் கவிதையில் 'சூரியன்' என்னும் சொல் தன் அன் ஈற்றால் இடர் செய்யும். 'ஞாயிறு' இடர் செய்யாது. சாவு (டேர் டோட்) ஆளாக வருமிடத்துக் 'கூற்றுவன்' எனவும், ஆளாக வாராதவிடத்துச் 'சாவு' எனவும் தெரிந்தாளலாம். இத்தேர்வுக்கு அடிப்படை சுட்டடையன்று, அப்பகுதியின் பொருண்மை.

9. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன வருமாறு: ஜெர்மன் பாகுபாட்டைப் 'பால்' எனக் கூறுவது தமிழ், மலையாள மாணவரைப் பொருளிடத்து விடைதேடச் செய்கிறது, 'பெயர் வகுப்பு' என்பதே பாடநூல்களுக்குப் பொருந்தும். சுட்டடையை ஒற்றை அடையாளமாகக் கற்பிக்காமல் வேற்றுமையோடு சேர்த்துக் கற்பித்தல் வேண்டும். விகுதி, ஈற்றொலி, தொகை ஆகியவற்றின் விதிகள் செவிலியர் கலைச்சொற்களைக் கொண்டே தொடக்கத்தில் தரப்பட வேண்டும். விதிக்கு அடங்காத அடிப்படைச் சொற்கள் தனிப்பட்டியலாக அமைய வேண்டும். ஒப்புமைக்குத் தமிழ் வினை வகுப்பும் மலையாள வினைமுற்றும் பயன்படுதல் வேண்டும்.

இந்நாள்வரை எல்லைப்புற மாணவர்க்குக் கிடைத்துவரும் விளக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோர்க்கென எழுதப்பட்டவை. ஆங்கிலத்தார்க்கு வேற்றுமை உருபும் புதிது, வினை வகுப்பும் சிறிதளவே. தமிழும் மலையாளமும் அறிந்தோர்க்கு இவ்விரண்டும் பழகியவை. அவர்தம் மொழியறிவை நோக்கி எழுதப்படும் ஒப்பியல் கையேடு ஒன்று, தமிழ் எழுத்திலும் மலையாள எழுத்திலும், விரைந்து வெளிவருதல் வேண்டும். அப்பணியை ஏற்கவேண்டியோர் இரு மொழித் துறைகளையும் சார்ந்த மொழியியலார் ஆவர்.